பணம் இல்லாத இளைஞருக்கு மனநல சிகிச்சை கிடைக்குமா?

கையில் காசில்லாத கிராமத்துக் கல்லூரி மாணவர் மனநல சிகிச்சை பெற வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. அது யாரும் போடும் பிச்சை அல்ல, சட்டம் தந்த உரிமை.

இந்தியாவின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, 18ஆம் பிரிவின்படி, மனநலப் பாதிப்புள்ள ஏழைகளுக்கு அரசு மனநல நிலையங்களில் சிகிச்சை இலவசம். வறுமைக்கோட்டு அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது பொருந்தும். அந்தச் சட்டத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த வரி இதுதான். அட்டையைக் கேட்டு யாரையும் திருப்பி அனுப்ப முடியாது. மாவட்டத்தில் குறைந்தபட்ச அரசு சேவைகள் இல்லையென்றால், அங்குள்ள வேறு மனநல நிலையத்தில் சிகிச்சை பெறலாம், செலவு அரசுடையது.

என்னை வருத்துவது 18 வயது நிரம்பாதவர்களின் நிலை. அவர்கள் சார்பில் முடிவெடுப்பவர் பெற்றோர் அல்லது பாதுகாவலர். வீடே துன்பத்துக்குக் காரணமானால், இந்தச் சட்டப்படி நோயாளிகளின் உரிமையைக் காக்க அமைந்த மனநல மறுஆய்வு வாரியம் வேறொருவரை நியமிக்கலாம். ஆனால் பதினாறு வயதுப் பெண் அந்த வாரியத்தை எப்படித் தேடிப் போவாள்?

முதல் படியாக, அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணை அழைக்க அந்த மாணவரிடம் சொல்லுங்கள். 2022இல் தொடங்கிய இந்த இலவசச் சேவையில் எந்நேரமும் தமிழில் பேசலாம். நேரில் பார்க்க, மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் செல்லலாம். முடிந்தால் முதல் முறை நீங்களும் உடன் செல்லுங்கள்.