டிப்ஸ் எவ்வளவு, எந்த ஊரில், யார் கைக்கு? பெங்களூரு தமிழர்களின் கேள்விகளும் பதில்களும்

பெங்களூரில் இருக்கும் நம் ஆட்கள் ஆன்சைட் போகிறார்கள், பிள்ளைகளைப் பார்க்கப் போகிறார்கள், தேனிலவுக்குப் போகிறார்கள். போன இடத்தில் பில் வந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். நான் எம்.ஜி. ரோடு பக்கம் ஒரு ஹோட்டலில் ஸ்டூவர்டாகச் சேர்ந்து, அப்புறம் துபாய், பயணிகள் கப்பல், லண்டன் என்று மேஜை பார்த்தவன். இப்போது இங்கேயே புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு சர்வீஸ் சொல்லிக்கொடுக்கிறேன். எந்த ஊரைப் பற்றிக் கேட்டாலும் நான் முதலில் பார்ப்பது இரண்டு விஷயம்: அங்கே சர்வருக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது, நீங்கள் வைக்கும் பணம் அவர் கைக்குப் போகிறதா.

சங்கீதா, ஒயிட்ஃபீல்டு: என் கணவர் மூன்று மாதம் டல்லாஸ் போகிறார். பில்லில் 20 சதவீதம் டிப்ஸ் வைக்க வேண்டும் என்று அலுவலகத்தில் சொல்கிறார்களாம். நிஜமாகவே அவ்வளவா?

நிஜம்தான் மேடம். உட்கார்ந்து சாப்பிடும் உணவகம் என்றால் வரிக்கு முந்தைய தொகையில் 18 முதல் 20 சதவீதம். 15-க்குக் கீழே போனால் சர்வீஸ் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொள்வார்கள்.

காரணம் அவர்கள் சட்டத்தில் இருக்கிறது. அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். ஆனால் டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி 2.13 டாலர் கொடுத்தால் போதும், மீதியை டிப்ஸ் நிரப்ப வேண்டும். நிரம்பாவிட்டால் முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இந்த 2.13 டாலர் 1991-இலிருந்து ஒரு சென்ட் கூட ஏறவில்லை. டெக்சாஸ் இதே கணக்கில்தான் ஓடுகிறது. கலிபோர்னியா, வாஷிங்டன், ஓரிகான், நெவாடா, மினசோட்டா, மொன்டானா, அலாஸ்கா மாநிலங்களில் டிப்ஸைக் காட்டிக் கூலியைக் குறைக்கும் இந்தச் சலுகை முதலாளிக்குக் கிடையாது, முழுக்கூலி உண்டு. ஆனால் டிப்ஸ் வழக்கம் அங்கேயும் மாறவில்லை.

நம் ஆட்கள் பலருக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. சர்வர் தன் டிப்ஸில் ஒரு பங்கை மேஜை துடைப்பவர், பார்டெண்டர், தட்டு தூக்கி வருபவர் ஆகியோருக்குக் கொடுக்க வேண்டும். பல உணவகங்களில் அந்தப் பங்கை, வாங்கிய டிப்ஸை வைத்துப் பார்ப்பதில்லை. விற்ற பில்லை வைத்துப் பார்க்கிறார்கள். நீங்கள் 80 டாலருக்குச் சாப்பிட்டுவிட்டு ஒன்றும் வைக்காமல் எழுந்தால், உங்கள் மேஜைக்கான பங்கை அவர் அடுத்த மேஜையில் கிடைத்ததிலிருந்து எடுத்துக் கொடுப்பார். உங்களுக்குப் பரிமாறியதற்கு அவர் காசு கொடுத்த மாதிரி ஆகிவிடும். இதை உங்கள் கணவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

ஆறு பேருக்கு மேல் போனால் பல இடங்களில் பில்லிலேயே டிப்ஸ் சேர்த்திருப்பார்கள். அதைக் கவனிக்காமல் மறுபடி வைக்க வேண்டாம். கார்டு ரசீதில் டிப்ஸுக்கு ஒரு கோடு, மொத்தத்துக்கு ஒரு கோடு இருக்கும். இரண்டையும் நிரப்பி, நகலை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சாப்பாட்டுச் செலவைத் திருப்பித் தரும் நிறுவனங்களில் டிப்ஸையும் ரசீதோடு கோரலாமா என்று கிளம்பும் முன்பே கேட்டுக்கொள்ளட்டும். காபிக் கடையில் திரையைத் திருப்பிக்காட்டி 18, 20, 25 என்று கேட்பார்கள். கவுண்டரில் நீங்களே வாங்கிக்கொள்ளும் காபிக்கு அது கடமை இல்லை, கூச்சப்படாமல் தாண்டிவிடலாம்.

முரளி, எலக்ட்ரானிக் சிட்டி: சம்பளம் கொடுப்பது முதலாளி வேலை. அதை நான் ஏன் சுமக்க வேண்டும்?

உங்கள் கோபத்தில் எனக்குப் பாதி உடன்பாடு. அந்த 2.13 டாலர் அநியாயம்தான். ஆனால் நீங்கள் டிப்ஸ் வைக்காமல் வந்தால் முதலாளிக்கு ஒரு நஷ்டமும் இல்லை, சாப்பாட்டுக் காசு அவருக்கு முழுதாகப் போய்விட்டது. அடி விழுவது உங்களுக்குத் தண்ணீர் ஊற்றியவருக்கு. கொள்கையாக எதிர்க்க வேண்டுமென்றால் டிப்ஸ் கேட்காத கடையாகத் தேடிப் போய்ச் சாப்பிடுங்கள். மேஜையில் உட்கார்ந்து, சர்வீஸ் வாங்கிக்கொண்ட பிறகு கொள்கை பேசக்கூடாது.

அதே முரளி: சரி, அங்கே பாரில்?

ஒரு பியருக்கு ஒரு டாலர், காக்டெயில் என்றால் இரண்டு. கணக்கு வைத்துக் கடைசியில் மொத்தமாகக் கொடுத்தால் 20 சதவீதம். கூட்டமான பாரில் முதல் சுற்றிலேயே வைப்பவரை பார்டெண்டர் மறக்க மாட்டார்.

ராமநாதன், அல்சூர்: மகன் இந்திராநகரில் ஒரு பப்புக்கு அழைத்துப் போனான். பில்லில் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் போட்டிருந்தார்கள். "கட்டித்தான் ஆக வேண்டும்" என்றார் மேனேஜர். சரியா?

சரி இல்லை சார். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று இதற்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. உணவகம் தானாகவே பில்லில் சர்வீஸ் சார்ஜ் சேர்க்கக்கூடாது, வேறு பெயரிலும் வசூலிக்கக்கூடாது, கட்ட மறுப்பவரை உள்ளே விடமாட்டேன் என்று சொல்லக்கூடாது. உணவக உரிமையாளர் சங்கங்கள் வழக்குப் போட்டதால் கொஞ்ச காலம் இதற்குத் தடை இருந்தது. 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் அந்த மனுக்களைத் தள்ளுபடி செய்து, வழிகாட்டுதல்கள் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது.

அடுத்த முறை பில் வந்ததும் அமைதியாக, "சர்வீஸ் சார்ஜை எடுத்துவிட்டு வேறு பில் கொடுங்கள்" என்று கேளுங்கள். சர்வரிடம் சத்தம் போடாதீர்கள், அவருக்கு அதை எடுக்கும் அதிகாரம் கிடையாது. மேனேஜரிடம் பேசுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்கலாம். பில்லைப் படம் எடுத்து வையுங்கள். இன்னொரு விஷயம், பல இடங்களில் சர்வீஸ் சார்ஜைச் சேர்த்த தொகைக்கு மேல் ஜி.எஸ்.டி. போடுகிறார்கள். அதுவும் அந்த வழிகாட்டுதல்களில் கூடாது என்று இருக்கிறது. ஜி.எஸ்.டி. அரசாங்க வரி, அதைக் கட்டத்தான் வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சர்வீஸ் சார்ஜை எடுக்கச் சொன்னால், பரிமாறியவர் கையில் ஏதாவது கொடுத்துவிட்டு வாருங்கள். சில இடங்களில் அந்தப் பத்து சதவீதத்தை, ஆளுக்கு இத்தனை புள்ளி என்று வைத்து ஊழியர்களுக்குப் பிரிப்பார்கள். சில இடங்களில் உடைந்த கண்ணாடி டம்ளருக்கு என்று பிடித்துக்கொண்டு மீதியைப் பிரிப்பார்கள். சில இடங்களில் ஊழியர் கண்ணிலேயே படாது. "இது உங்களுக்கு வருமா?" என்று சர்வரிடம் மெல்லக் கேட்டுப் பாருங்கள், முகமே சொல்லிவிடும்.

தேவி, ஜெயநகர்: தர்ஷினியில் டிப்ஸ் வைக்க வேண்டுமா?

வேண்டாம். டோக்கன் வாங்கி, நீங்களே எடுத்து, நின்றபடி சாப்பிடும் இடம். மேஜையில் இலை போட்டுப் பரிமாறும் மெஸ், மாடியில் ஏ.சி. ஹால் என்றால் சப்ளையருக்கு பத்தோ இருபதோ வைக்கலாம், குடும்பமாகப் போனால் ஐம்பது. நல்ல உணவகத்தில் சர்வீஸ் சார்ஜ் இல்லாவிட்டால் 5 முதல் 10 சதவீதம் தாராளம்.

அருண், கோரமங்களா: கையில் பணமே வைத்துக்கொள்வதில்லை, எல்லாம் ஸ்கேன்தான். சர்வருக்கு எப்படிக் கொடுப்பது?

இதை நீங்கள் கேட்டதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். முன்பெல்லாம் சோம்புக் கிண்ணத்தோடு பில் வரும், மீதிச் சில்லறையை அதிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். இப்போது மேஜையில் ஸ்கேன் செய்து, பைசா சுத்தமாகக் கட்டிவிட்டு எழுந்துவிடுகிறோம். வசதியாக இருக்கிறது, ஆனால் சர்வரின் தினசரி வரும்படி அங்கே நின்றுபோனது. அசாம், ஒடிசா, வடகிழக்கு, நம் தருமபுரி, கிருஷ்ணகிரி என்று வந்து அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகள் அவர்கள். நூறு ரூபாய் நோட்டு இரண்டு மூன்று பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அவருடைய சொந்த எண்ணைக் கேட்டு அனுப்பலாம். ஆனால் சில நிர்வாகங்கள் அதற்கு அனுமதிப்பதில்லை, அதனால் மேனேஜர் முன்னால் கேட்டு அவரை மாட்டிவிடாதீர்கள். கார்டு மெஷினில் சேர்க்கும் டிப்ஸ் முதலில் கடைக் கணக்குக்குத்தான் போகும்.

ஃபாத்திமா, ஃபிரேசர் டவுன்: லண்டனில் 12.5 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் போடுகிறார்களே, அதுவும் நம்மூர் மாதிரிதானா?

பெரும்பாலும் அது விருப்பக் கட்டணம், பில்லிலேயே அப்படி எழுதியிருக்கும். சர்வீஸ் மோசம் என்றால் எடுக்கச் சொல்லலாம். ஆனால் இப்போது அதைக் கட்டிவிடச் சொல்லி நான் தைரியமாகச் சொல்வேன். 2024 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றிலும் டிப்ஸையும் சர்வீஸ் சார்ஜையும் முழுமையாக ஊழியர்களுக்கே கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. முதலாளி கணக்கு வைக்க வேண்டும், ஊழியர் அதைக் கேட்டுப் பார்க்கலாம். இதற்காக அங்கே பல வருஷம் பேசினார்கள். நம் நாட்டிலும் இப்படி ஒன்று வர வேண்டும் என்பது என் பெரிய ஆசை. 12.5 கட்டினால் மேலே எதுவும் வேண்டாம். பப்பில் கவுண்டரில் நின்று பியர் வாங்கினால் டிப்ஸ் கிடையாது.

விக்னேஷ், பன்னேர்கட்டா ரோடு: ஜெர்மனியில் ஸ்டட்கார்ட்டுக்கு ஆறு மாதம் போகிறேன். அங்கே டிப்ஸ் எப்படி?

5 முதல் 10 சதவீதம். அளவைவிடக் கொடுக்கும் முறைதான் முக்கியம். மேஜையில் வைத்துவிட்டு வரும் பழக்கம் அங்கே இல்லை. பில் 27.50 யூரோ என்றால், பணம் கொடுக்கும்போதே "முப்பது" என்று சொல்லுங்கள், அவர் அந்தத் தொகையை எடுத்துக்கொள்வார். கார்டு என்றாலும் தேய்க்கும் முன் சொல்ல வேண்டும். சில இடங்களில் கார்டே வாங்க மாட்டார்கள், பணம் வைத்திருங்கள்.

பக்கத்து நாடுகளுக்கும் போவீர்கள் என்பதால் சொல்கிறேன். பிரான்ஸில் 1987-இலிருந்து மெனு விலையிலேயே சர்வீஸ் சேர்ந்தாக வேண்டும், பிடித்திருந்தால் ஓரிரு யூரோ விட்டால் போதும். இத்தாலியில் பில்லில் 'கோப்பெர்தோ' என்று தலைக்கு இரண்டு மூன்று யூரோ இருக்கும். அது உட்கார்ந்ததற்கான கட்டணம், டிப்ஸ் இல்லை. சண்டை போடாதீர்கள், மெனுவில் எழுதியிருப்பார்கள்.

நிவேதா, எச்.எஸ்.ஆர். லேஅவுட்: தேனிலவுக்கு ஜப்பான். ஏதாவது வைக்க வேண்டுமா?

வைக்கவே வேண்டாம் தங்கச்சி. மேஜையில் விட்டால் மறந்துவிட்டீர்கள் என்று தெருவரைக்கும் ஓடிவந்து திருப்பிக் கொடுப்பார்கள். இசகாயா என்ற அவர்கள் ஊர் பார்களில் நீங்கள் கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணம் வரும், தலைக்கு 300, 500 யென் பில்லில் ஏறும். 'ஓதோஷி' என்பார்கள், அது இருக்கைக் கட்டணம். நீங்கள் சைவம் என்றால் அதில் பெரும்பாலும் மீன் ஏதாவது இருக்கும், முதலிலேயே சொல்லிவிடுங்கள். காசுக்குப் பதில் நன்றி சொல்லிக் கொஞ்சம் தலை வணங்குங்கள், அதை மனதார ஏற்பார்கள்.

செல்வம், கம்மனஹள்ளி: சிங்கப்பூரில் மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு பிளஸ் குறி போட்டிருக்கிறதே?

ஒன்று 10 சதவீத சர்வீஸ் சார்ஜ், இன்னொன்று 9 சதவீத ஜி.எஸ்.டி. 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சாப்பாடு 110 ஆகி, அதன்மேல் வரி ஏறி 119.90-இல் நிற்கும். அதற்கு மேல் டிப்ஸ் வேண்டாம். சின்னச் சின்னக் கடைகள் ஒரே கூரையின் கீழ் இருக்கும் ஹாக்கர் சென்டரில் டிப்ஸே கிடையாது, ஆனால் சாப்பிட்ட தட்டை நீங்களே எடுத்து வைக்க வேண்டும். 2021-இலிருந்து அது கட்டாயம்.

ஹமீது, சிவாஜி நகர்: துபாய்?

நான் வேலை பார்த்த ஊர். ஹோட்டல் உணவகங்களில் சர்வீஸ் சார்ஜ், முனிசிபாலிட்டி கட்டணம், 5 சதவீத வாட் வரி எல்லாம் விலையிலேயே இருக்கும். அந்த சர்வீஸ் சார்ஜ் ஊழியருக்கு முழுதாக வரும் என்று நம்பி இருக்காதீர்கள். பத்து திர்ஹம் நோட்டைக் கையில் கொடுங்கள். பரிமாறுகிறவர் பாதி நேரம் கேரளாவோ நேபாளமோ நம் தஞ்சாவூரோதான். மாதம் பிறந்தால் வீட்டுக்கு அனுப்புவதில் அந்தப் பத்தும் சேரும்.

கலைச்செல்வி, ராஜாஜி நகர்: மகன் டொராண்டோவில் படிக்கிறான், மாலையில் ஓர் உணவகத்தில் சர்வர் வேலை. டிப்ஸை முதலாளி பிடித்துக்கொள்கிறாராம். என்ன செய்யலாம்?

அம்மா, டொராண்டோ இருக்கும் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் முதலாளி ஊழியரின் டிப்ஸைப் பிடித்துக்கொள்வது சட்டவிரோதம். ஊழியர்களுக்குள் பிரிப்பதற்காகத் தொகுக்கலாம், அவ்வளவுதான். முதலாளியும் கூடவே பெருமளவு மேஜை வேலை செய்கிறவராக இருந்தால் மட்டும் பங்கு எடுக்கலாம். மது பரிமாறுபவருக்கு முன்பு அங்கே குறைந்த கூலி விகிதம் தனியாக இருந்தது. 2022 ஜனவரி 1 முதல் அதையும் எடுத்துவிட்டார்கள், இப்போது அவர்களுக்கும் பொதுவான குறைந்தபட்சக் கூலி உண்டு.

தினமும் எத்தனை மணி நேரம், எவ்வளவு டிப்ஸ், கார்டில் எவ்வளவு, கையில் எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். சம்பள ரசீதுகளையும் சேர்த்து வைக்கட்டும். முதலில் முதலாளியிடம் எழுத்தில் கேட்கட்டும். பதில் வராவிட்டால் மாநிலத் தொழிலாளர் அமைச்சகத்தில் புகார் கொடுக்கலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. மாணவன் என்பதால் பயப்பட வேண்டாம், விசா அனுமதிக்கும் மணி நேரத்துக்குள் வேலை செய்கிறானா என்பதை மட்டும் முதலில் சரிபார்த்துக்கொள்ளட்டும். டிப்ஸ் அங்கே வரிக்கு உட்பட்ட வருமானம், கணக்கில் காட்ட வேண்டும். அந்த நோட்டு அதற்கும் உதவும்.