வாசகர் கேள்வி – பதில்: பர்மாப் பேரேடுகள்

கேள்வி: எங்கள் ஐயா பர்மாவில் வட்டிக்கடை நடத்தியவர். பங்காளிகள் சேர்ந்து பழைய வீட்டை விற்கப்போகிறோம். இரண்டாம் கட்டு அறையில் ஒரு பெட்டி நிறையப் பேரேடுகளும் கடிதக் கட்டுகளும் இருக்கின்றன. கடிதங்களை வைத்துக்கொண்டு பேரேடுகளை எடைக்குப் போட்டுவிடலாம் என்கிறான் என் தம்பி. எண்களும் வருடமும் எங்களுக்குப் புரியவில்லை. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: தம்பியைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள், ஆச்சி. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் பேரேட்டைத்தான் எடுப்பேன். முதலாளிக்காகப் பர்மாக் கடையைப் பார்த்துக்கொண்ட ஏஜெண்டு ஊருக்கு எழுதும் கடிதம் அந்த முதலாளியின் முகம் கோணாமல் எழுதப்படுவது. நெல் விலை விழுந்த வருடத்திலும் அடுத்த அறுப்பைக் காட்டிச் சமாதானம் சொல்லும். பேரேட்டுக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. யார் எவ்வளவு வாங்கினார், வட்டி எத்தனை மாதம் நின்றது, எந்தத் தேதியில் கடன் கணக்கு முடிந்து அவருடைய வயல் கடையின் பேருக்கு வந்தது என்பதெல்லாம் அதில்தான் கிடைக்கும்.

அந்தக் கடைசி விஷயத்தைத் தேடிப் பாருங்கள். கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில், 1930இல் செட்டியார்கள் கையில் இருந்தது சுமார் 6 சதவீத நிலம். உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்து, கடன்காரர்கள் கட்ட முடியாமல் கைவிரிக்க, 1937இல் அது ஏறக்குறைய 25 சதவீதம் ஆகிவிட்டது. கடைக்காரர் கேட்டது பணம், கிடைத்தது வயல். காடு வெட்டித் திருத்திய பர்மியக் குடியானவருக்கு அந்த வயலும் போனது. 1942இல் ஜப்பானியருக்கு அஞ்சி, எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த கதையை நம் வீடுகளில் சொல்வார்கள். அது உண்மைதான். அதற்குப் பத்து வருடம் முந்தைய கதையை யாரும் சொல்வதில்லை. பேரேட்டில் அந்தப் பர்மியப் பெயர்கள் தமிழ் எழுத்திலேயே இருக்கும்.

சாமிக்கும் கணக்கு உண்டு. மகமைப் பணம், அதாவது கோயில், தர்மத்துக்கென்று ஒதுக்கும் பணம், அவர் பேரில் வரவு வைக்கப்படும். பெண்களின் சீதனப் பணமும் அவரவர் பேரில் வட்டி சேர்ந்துகொண்டிருக்கும். உங்கள் அப்பத்தாவின் பெயரை அங்கே தேடுங்கள். கடிதக் கட்டில் அவர் கையெழுத்து அகப்படுவது சந்தேகம்.

படிப்பது பெரிய வித்தையில்லை. ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். ௶ என்றால் பற்று, ௷ என்றால் வரவு, ௹ ரூபாய். ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி. வருடம்தான் ஏமாற்றும். 'விஷு' என்றிருந்தால் 1941ஆகவும் இருக்கலாம், 1881ஆகவும் இருக்கலாம். அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வருகிறதே! அதே கட்டில் உள்ள கடித உறையைப் பாருங்கள். தபால்தலையில் விக்டோரியா ராணி இருந்தால் பழையது, ஆறாம் ஜார்ஜ் இருந்தால் பிந்தையது. தம்பி சொல்வதுபோல இரண்டையும் பிரித்துவிட்டால் இந்த வழியும் அடைந்துபோகும்.

கடிதங்களைக் குத்தி வைத்த கம்பியை உருவாதீர்கள். வந்த வரிசை அதில்தான் இருக்கிறது. பழுத்த தாளை லேமினேட் செய்யும் ஆசையும் வேண்டாம். வைத்துக்கொள்ள இடமில்லையென்றால், சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். கோட்டையூரில் ஒரு தனி மனிதர் சேர்த்து வைத்த புத்தகங்களிலிருந்தும் தாள்களிலிருந்தும் உருவான நூலகம் அது; பழைய தாளின் அருமை தெரிந்தவர்கள்.

கேள்வி: எங்களிடம் பர்மா நிலப் பத்திரங்கள் இருக்கின்றன. நிலம் திரும்பக் கிடைக்குமா?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: அந்த நம்பிக்கையை விட்டுவிடுங்கள். பர்மா விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்துவிட்டார்கள். மீட்டுத் தருகிறேன் என்று சொல்லி யாராவது முன்பணம் கேட்டால் ஒரு காசும் கொடுக்காதீர்கள். பத்திரங்களைப் பேரேட்டோடு சேர்த்தே வையுங்கள்.