கிளப் முதலாளி நீட்டும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: நான் திண்டுக்கல் பக்கம். பெங்களூரில் பெயர் பெற்ற ஒரு கிளப்பில் மூன்று வருஷமாக ஃப்ளோர் மேனேஜர். சனிக்கிழமை இரவுகளில் விஐபி மேஜைக்கு வரும் ஒரு கூட்டம் மாத்திரை விற்கிறது என்று எங்கள் ஸ்டாஃப் எல்லோருக்கும் தெரியும். 'ரெஸ்ட்ரூமுக்கு இரண்டிரண்டு பேராகப் போகிறார்கள் சார்' என்று முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். 'ரெகுலர் கெஸ்ட், விட்டுவிடு' என்று பதில் வந்தது. அந்த கெஸ்ட் எனக்கு ஜிபேயில் சில தடவை இரண்டாயிரம், மூவாயிரம் என்று டிப்ஸ் அனுப்பியிருக்கிறார். போன வாரம் எங்கள் பார்க்கிங்கில் அவரை 14 கிராம் எம்டிஎம்ஏ (எக்ஸ்டஸி) மாத்திரைகளோடு சிசிபி, அதாவது மத்திய குற்றப்பிரிவு போலீஸ் பிடித்தது. திங்கட்கிழமை விசாரணைக்கு வரச்சொல்லி எனக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது, பிரிவு 179 என்று போட்டிருக்கிறது. முதலாளி அந்த வாட்ஸ்அப் சாட்டை அழிக்கச் சொல்கிறார். தரைத்தளப் பொறுப்பு, பாதுகாப்பு எல்லாம் என்னுடையது என்று ஜனவரி தேதி போட்ட ஒரு கடிதத்தில் கையெழுத்தும் கேட்கிறார், போட்டால் வக்கீல் செலவை அவர் பார்த்துக்கொள்வாராம். நான் எதையும் விற்கவில்லை, தொட்டதுகூட இல்லை. ஊருக்குப் போய்விடலாமா? அம்மாவுக்கு எதுவும் தெரியாது.

பதில்:

தம்பி, முதலில் மூன்று விஷயம். கையெழுத்துப் போடாதீர்கள். சாட்டை அழிக்காதீர்கள். ஊருக்கு ஓடாதீர்கள். மற்றதைப் பொறுமையாகப் படிக்கலாம், இந்த மூன்றையும் இன்றைக்கே மனதில் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தக் கடிதத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் உங்களுக்கு இப்போது பெரிய ஆபத்து போலீஸ் நோட்டீஸ் இல்லை, அந்தக் கடிதம்தான். போதைப்பொருள் தடுப்புச் சட்டம், நாம் எல்லோரும் என்டிபிஎஸ் என்று சொல்கிற 1985ஆம் ஆண்டுச் சட்டம், அதில் 25ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஒரு இடத்தின் சொந்தக்காரரோ, அதை அனுபவிப்பவரோ, அதைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவரோ, அங்கே வேறொருவர் இந்தச் சட்டப்படி குற்றம் செய்யத் தெரிந்தே அனுமதித்தால், குற்றம் செய்தவனுக்கு என்ன தண்டனையோ அதே தண்டனை அனுமதித்தவருக்கும். பாதி தண்டனை, குறைந்த தண்டனை என்று எதுவும் கிடையாது. இப்போது உங்கள் முதலாளி நீட்டும் தாளைத் திரும்பப் பாருங்கள். 'தரைத்தளப் பொறுப்பு, பாதுகாப்பு எல்லாம் என்னுடையது.' இதுவரை அந்த இடத்தின் கட்டுப்பாடு யார் கையில் என்று கேட்டால் லைசென்ஸ் வைத்திருப்பவர் கையில். நீங்கள் கையெழுத்துப் போட்ட அடுத்த நிமிஷம் அது உங்கள் கைக்கு வந்துவிடுகிறது, அதுவும் பழைய தேதியோடு. அவர் தரும் வக்கீல் யாருக்காக வேலை செய்வார் என்பதையும் யோசியுங்கள். அவருக்கும் உங்களுக்கும் இந்த வழக்கில் நலன் ஒன்றல்ல, நேரெதிர். அவர் தப்பிப்பதற்கு நீங்கள் மாட்டவேண்டும். பழைய தேதி போட்டு ஆவணம் தயாரிப்பது தனிக் குற்றம் வேறு, அதிலும் உங்கள் கையெழுத்துதான் இருக்கும்.

இப்போது 14 கிராம் என்பதற்கு என்ன அர்த்தம் என்று சொல்கிறேன், பயமுறுத்த அல்ல, நீங்கள் நிற்கும் இடம் உங்களுக்குத் தெரியவேண்டும் என்பதற்காக. கஞ்சாவுக்கு 20 கிலோவுக்கு மேல் போனால்தான் வணிக அளவு, அதாவது சட்டம் மிகக் கடுமையாகத் தண்டிக்கும் அளவு. கோக்கெய்னுக்கு 100 கிராம். எம்டிஎம்ஏவுக்கு வெறும் 10 கிராம். சிறிய அளவு என்பது அரை கிராம் வரைதான். இதில் பலரும் நினைப்பது, மாத்திரையில் சுண்ணாம்பும் சாயமும் எத்தனையோ இருக்கும், சுத்தமான மருந்து 3 கிராம்கூட வராது என்று. அந்த வாதம் 2020 ஏப்ரலோடு முடிந்துவிட்டது. ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், கலப்படத்தையும் சேர்த்து மொத்த எடையைத்தான் பார்க்கவேண்டும் என்று சொல்லிவிட்டது. ஆகவே 14 கிராம் மாத்திரை என்றால் அது வணிக அளவு, தண்டனை 10 வருஷத்திலிருந்து 20 வருஷம், அபராதம் ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சம். ஜாமீனுக்கு 37ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். அரசு வழக்கறிஞரைக் கேட்காமல் கிடைக்காது, அவர் எதிர்த்தால் நீங்கள் குற்றவாளி இல்லை என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறது என்று நீதிபதி திருப்தி அடையவேண்டும். சாதாரண வழக்கில் 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் கேட்கலாம், இங்கே அதுவே 180 நாள், அதையும் நீதிமன்றம் ஒரு வருஷம் வரை நீட்டலாம். பரப்பன அக்ரஹாரா சிறையில் ஆறு மாதம் உட்கார்ந்துவிட்டு வந்து 'நான் நிரபராதி' என்று நிரூபித்த வெயிட்டர்களை, க்ளோக்ரூம் பையன்களை எனக்குத் தெரியும். அதே நேரம் கிளப் வேறு பெயரில் திறந்து ஓடிக்கொண்டிருந்தது. உங்களுக்கு அது நடக்கக்கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சரி, நீங்கள் மாட்டுவீர்களா? இந்தக் கேள்வியின் உயிர் 'தெரிந்தே', 'அனுமதித்தால்' என்ற இரண்டு வார்த்தையில் இருக்கிறது. தெரியும் என்பது வேறு, அனுமதிப்பது வேறு. உங்களுக்குத் தெரிந்திருந்தது, அதை மறைக்க முடியாது, நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அனுமதிக்கிற அதிகாரம் உங்களிடம் இல்லை, இருந்தவரிடம் நீங்கள் சொன்னீர்கள், அவர் 'விட்டுவிடு' என்றார். அந்த இரண்டு வரி சாட்டில் இரண்டு முனையும் கூர். முதல் வரி உங்களுக்குத் தெரியும் என்று காட்டுகிறது, இரண்டாவது வரி அனுமதித்தது யார் என்று காட்டுகிறது. அதை அழித்தால் முதல் வரியைச் சொல்ல ஸ்டாஃப் பத்துப் பேர் சாட்சி வருவார்கள், இரண்டாவது வரியைச் சொல்ல ஒருவரும் வரமாட்டார்கள். அதனால்தான் அவர் அழிக்கச் சொல்கிறார். சாட்சியத்தை அழிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய ஐபிசிக்குப் பதிலாக வந்த தண்டனைச் சட்டம்) 238, 241 பிரிவுகளின்கீழ் தனிக் குற்றம். தவிர, அழித்தாலும் தடயவியல் லேபில் பெரும்பாலும் கிடைத்துவிடும், அல்லது அவர் போனிலிருந்து அவருக்கு வேண்டிய பகுதி மட்டும் கிடைக்கும். அப்புறம் 'குற்றமில்லாதவன் ஏன் அழித்தான்' என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது.

இந்தக் கேள்வி புதியதும் இல்லை. நியூயார்க்கில் மன்ஹாட்டனின் ஆறாவது அவென்யூவில், பழைய தேவாலயக் கட்டடம் ஒன்றில் 1983இல் லைம்லைட் என்று ஒரு கிளப் திறந்தார்கள். நடிகர்கள், மாடல்கள், ஊரே வரிசையில் நின்ற இடம். உள்ளே எக்ஸ்டஸி விற்பனையும் அதே வேகத்தில் ஓடியது. 1996இல் முதலாளி பீட்டர் கேட்டியனைக் கைது செய்தார்கள். கூட்டம் சேர்க்கத்தான் வியாபாரிகளை உள்ளே விட்டார், கிளப்பே போதை அங்காடியாக இருந்தது என்பது அரசுத் தரப்பு. எனக்குத் தெரியாது, என் வேலையாட்கள் மட்டத்தில் நடந்தது என்பது அவர் தரப்பு. அரசின் முக்கிய சாட்சிகளில் பலர் தாங்களே மருந்து விற்று, தண்டனைக் குறைப்புக்காக வாக்குமூலம் கொடுத்தவர்கள். 1998 பிப்ரவரியில் ஜூரி அவரை விடுவித்தது. வரி ஏய்ப்பில்தான் பிறகு அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார், 2003இல் கனடாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அந்த ஊர்ச் சட்டம் வேறு, நம் சட்டம் வேறு, ஆனால் இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 'மேலே இருப்பவருக்குத் தெரியும்' என்று ஊர் முழுக்கப் பேசினாலும் நீதிமன்றத்தில் அதற்கு எழுத்தில் ஆதாரம் வேண்டும். உங்களிடம் அது இருக்கிறது. நம்மூர்ப் பக்கம் பாருங்கள், 2022 ஏப்ரலில் ஹைதராபாத் பஞ்சாரா ஹில்ஸில் ஓர் ஐந்து நட்சத்திர ஓட்டல் பப்பில் ரெய்டு நடந்து கோக்கெய்ன் பாக்கெட்டுகள் சிக்கியபோது, கைதானவர்களில் பப்பின் மேலாளரும் ஒருவர். கவுண்டரில் நிற்பவன்தான் போலீஸ் கண்ணில் முதலில் படுகிறான்.

நம் சட்டத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. 35ஆம் பிரிவு, உங்களுக்குக் குற்ற மனநிலை இருந்தது என்றே நீதிமன்றம் ஊகிக்கும், இல்லை என்று நீங்கள்தான் நிரூபிக்கவேண்டும், அதுவும் சந்தேகத்துக்கு இடமில்லாமல். ஆனால் அந்த ஊகம் வருவதற்கு முன்னால் அடிப்படை உண்மைகளை அரசுத் தரப்பு நிறுவியாக வேண்டும் என்று நூர் ஆகா வழக்கில் 2008இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இடம் உங்கள் கட்டுப்பாட்டில் இருந்தது என்பது அந்த அடிப்படை உண்மைகளில் ஒன்று. மறுபடியும் அந்தக் கடிதத்துக்கே வந்து நிற்கிறோம், பார்த்தீர்களா.

டிப்ஸ் விஷயத்துக்கு வருகிறேன், உங்கள் வழக்கில் பலவீனமான இடம் அதுதான். போலீஸ் கண்ணில் அது டிப்ஸ் இல்லை, கண்ணை மூடிக்கொண்டதற்குக் கூலி. விற்பனைக்கு உடந்தை, கூட்டுச்சதி என்று 29ஆம் பிரிவைச் சேர்ப்பார்கள், சில சமயம் 27ஏ, அதாவது போதை வியாபாரத்துக்குப் பண உதவி என்றும் போட்டுப் பார்ப்பார்கள். 27ஏ உங்களுக்கு ஒட்டாது. பணம் அவரிடமிருந்து உங்களுக்கு வந்ததே தவிர நீங்கள் அவருக்குப் போட்ட முதலீடு எதுவும் இல்லை. 2020 அக்டோபரில் மும்பை உயர் நீதிமன்றமும் ஒரு நடிகையின் ஜாமீன் உத்தரவில், குறிப்பிட்ட ஒரு கொள்முதலுக்குப் பணம் கொடுத்தால்கூட அது வியாபாரத்துக்கு நிதி அளிப்பது ஆகாது என்று சொன்னது. 29தான் கவனிக்கவேண்டியது. ஒரு வருஷத்து பேங்க் ஸ்டேட்மென்ட்டை எடுங்கள். வேறு மேஜைக்காரர்களும் அதே மாதிரி ஆயிரம், இரண்டாயிரம் அனுப்பியிருப்பார்கள், பிறந்தநாள் பார்ட்டிக்கு ஐயாயிரம்கூட வந்திருக்கலாம். அந்த வரிசையில் இவருடையதும் ஒன்று என்று காட்ட முடிந்தால் நல்லது. இவர் மட்டும்தான் அனுப்பியிருக்கிறார், அதுவும் மாத்திரை விற்ற சனிக்கிழமைகளில் மட்டும் என்றால், உங்கள் வக்கீலிடம் ஒளிக்காமல் அதைச் சொல்லிவிடுங்கள். போலீஸ் ஸ்டேட்மென்ட்டை எடுக்கத்தான் போகிறது, உங்கள் வக்கீல் அதைக் கடைசியாகத் தெரிந்துகொள்ளக் கூடாது.

இனி திங்கட்கிழமை. 179 என்பது பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில், அதாவது விசாரணை முறையைச் சொல்லும் சட்டத்தில், சாட்சிகளை அழைக்கும் பிரிவு. அதே சன்ஹிதாவின் 35(3) என்று இருந்திருந்தால் உங்களைச் சந்தேக நபராகப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். ஆக, இன்றைய தேதிக்கு நீங்கள் சாட்சி. இதில் நிம்மதியும் உண்டு, எச்சரிக்கையும் உண்டு, காலையில் சாட்சியாகப் போனவர் மாலையில் 'ஏ6', அதாவது ஆறாவது குற்றவாளி ஆகத் திரும்பிய வழக்குகளும் இருக்கின்றன. ஆகவே போகாமல் இருக்காதீர்கள், தனியாகவும் போகாதீர்கள். போகும் முன் பெங்களூரில் என்டிபிஎஸ் வழக்கு நடத்திப் பழகிய ஒரு வக்கீலைப் பாருங்கள். முன்ஜாமீன் மனு போடலாமா என்பதை எஃப்.ஐ.ஆரைப் படித்துவிட்டு அவர் முடிவு செய்யட்டும். வணிக அளவு வழக்கில் முன்ஜாமீன் லேசில் கிடைக்காது, அதற்காகக் கேட்காமலே விடவும் கூடாது. பணம் இல்லை என்றால் 15100க்கு போன் செய்யுங்கள், இலவச சட்ட உதவி மையத்தின் எண், கேட்பதற்குக் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

விசாரணையில் உண்மையைச் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். உங்களையே குற்றத்தில் மாட்டவைக்கும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க அதே சன்ஹிதாவின் 180ஆம் பிரிவே உங்களுக்கு உரிமை தருகிறது, அரசியலமைப்பின் 20(3)ம் தருகிறது. முக்கியமாக, போலீஸ் எழுதிக்கொள்ளும் சாட்சி வாக்குமூலத்தில் நீங்கள் கையெழுத்துப் போடத் தேவையில்லை, போடக்கூடாது என்பதுதான் 181ஆம் பிரிவு. வெற்றுத்தாளில் போடவே போடாதீர்கள், கன்னடத்தில் எழுதியதைப் படிக்கத் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். கைதான அந்த கெஸ்ட் உங்கள் பெயரைச் சொல்லிவிட்டார் என்று மிரட்டுவார்கள். சொல்லியிருக்கலாம். அது மட்டும் உங்களைத் தண்டிக்கப் போதாது. தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், 2020 அக்டோபர் 29இல், இந்தச் சட்டத்தின்கீழ் அதிகாரிகள் வாங்கும் ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகச் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கப்புறம் 2022 ஜனவரியில், பெங்களூரு என்சிபியின் (மத்திய போதைப்பொருள் தடுப்புப் பிரிவு) வழக்குகளிலேயே, அப்படிப்பட்ட வாக்குமூலம் தவிர வேறெதுவும் இல்லாதவர்களுக்குக் கிடைத்த ஜாமீனை ரத்து செய்ய மறுத்தது. ஆகவே பயத்தில் வாய்க்கு வந்ததை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

போனைக் கேட்டால் கொடுக்க வேண்டிவரும். அதற்கு முன்னால் அந்த சாட்டை முழுதாக எக்ஸ்போர்ட் செய்து உங்கள் மெயிலுக்கும் வக்கீலுக்கும் அனுப்புங்கள், ஒரு வரியைக்கூட நீக்காமல், நடுவில் வெட்டாமல். போனைப் பறிமுதல் செய்தால் மகஜரில் (பறிமுதல் குறிப்பில்) போனின் ஐஎம்இஐ எண் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கிளப்பின் சிசிடிவி பதிவு சில வாரத்தில் தானாகவே மேலெழுதப்பட்டுவிடும், முதலாளி அதை வேகப்படுத்தவும் செய்வார். அதைப் பாதுகாக்கச் சொல்லி உங்கள் வக்கீல் மூலமாக விசாரணை அதிகாரிக்கு எழுத்தில் கொடுங்கள், ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். எந்தக் குற்றவாளியும் கேமரா பதிவைப் பத்திரப்படுத்துங்கள் என்று தானாகக் கேட்கமாட்டான், நீதிபதி அதைக் கவனிப்பார்.

வேலையை விடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், விட்டுவிடுங்கள், விசாரணைக்குப் போய்வந்த பிறகு, மெயிலில், நிலுவைச் சம்பளத்தைக் கேட்டு, கடிதத்தில் கையெழுத்துப் போடமுடியாது என்பதையும் ஒரே வரியில் எழுதி. சண்டை போட வேண்டாம், போனில் எதுவும் பேச வேண்டாம்.

அம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள். கைது நடந்தால் நீங்கள் சொல்லும் உறவினருக்கு போலீஸ் உடனே தகவல் கொடுக்கவேண்டும், அது 48ஆம் பிரிவு. ராத்திரி பதினொரு மணிக்குக் கன்னடத்தில் ஒரு குரல் கூப்பிட்டு அவர் இதைத் தெரிந்துகொள்ளக் கூடாது. மாமாவோ சித்தப்பாவோ, விஷயம் முன்பே தெரிந்த, பதறாத ஒருவர் எண்ணை ஒரு தாளில் எழுதி, வக்கீல் எண்ணோடு சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போங்கள். போன் அப்போது உங்கள் கையில் இருக்காது.