கேள்வி – பதில்: பிராமிஸ்.ஆல் எதையும் தொடங்கி வைப்பதில்லை

கேள்வி: ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை ஒரு சேவைக்கு அனுப்ப வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் மேப் போட்டு, ஒவ்வொரு படத்துக்கும் ஒரு ஃபெட்ச் (சேவைக்குப் போகும் அழைப்பு) எழுதி, எல்லாவற்றையும் பிராமிஸ்.ஆல் உள்ளே கொடுத்தேன். பாதியில் 429 பிழையாகக் கொட்டுகிறது. ப்ளூபேர்ட், பி-லிமிட் மாதிரி ஒரு லைப்ரரி சேர்த்தால் சரியாகுமா?

பதில்: சரியாகும். ஆனால் ஏன் சரியாகிறது என்று தெரிந்துகொண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் லைப்ரரியைச் சேர்த்த பிறகும் அதே பிழை வரும்.

பிராமிஸ் என்பது ஓடிக்கொண்டிருக்கும் வேலையின் முடிவு பின்னால் வரும் என்பதற்கான சீட்டு. பிராமிஸ்.ஆல் எந்த வேலையையும் தொடங்குவதில்லை. பட்டியல் அதன் கைக்குப் போகும் முன்பே ஆயிரம் ஃபெட்ச்சும் கிளம்பிவிட்டன. போனவர்கள் எல்லாம் திரும்பி வந்தாயிற்றா என்று வாசலில் நின்று எண்ணுவது மட்டும்தான் அதன் வேலை. 429 என்றால், ‘அளவுக்கு மீறிக் கேட்கிறாய், கொஞ்சம் பொறு’ என்று எதிர்முனை சொல்கிறது.

எனக்கும் இதே சிக்கல் வந்தது, 1,200 படங்களோடு. முதலில் இருபது இருபதாகப் பிரித்தேன். ஒரு இருபது முழுவதும் முடிந்த பிறகு அடுத்த இருபது. பிழை நின்றுவிட்டது, ஆனால் லாக்கைப் பார்க்கப் பார்க்க மனசு ஆறவில்லை. 19 படங்கள் ஒரு விநாடிக்குள் முடிந்துவிடும். ஒரே ஒரு பெரிய படம் 9 விநாடி இழுக்கும். அதுவரை மற்ற 19 இடமும் காலியாகக் கிடக்கும். ஒன்று வெளியே வந்த கையோடு இன்னொன்று உள்ளே போக வேண்டும் என்பதுதான் எனக்குத் தேவையாக இருந்தது. பி-லிமிட் செய்வது அதைத்தான். ப்ளூபேர்டின் மேப்பில் கன்கரன்சி (ஒரே நேரத்தில் எத்தனை ஓடலாம்) என்று ஒரு எண் கொடுத்தால் அதுவும் இதைச் செய்யும்.

பி-லிமிட்டில் பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஃபெட்ச்சை வெளியிலேயே அழைத்து, வந்த பிராமிஸை ஒரு மாறியில் போட்டுவிட்டு, அந்த மாறியைத் திருப்பித் தரும் ஃபங்ஷனை லிமிட்டிடம் கொடுப்பார்கள். பார்வைக்குச் சரியாகவே இருக்கும். ஆனால் வேலை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, லிமிட் தடுக்க எதுவும் மிச்சமில்லை. ஃபெட்ச் என்ற அழைப்பே அந்த ஃபங்ஷனுக்குள் இருக்க வேண்டும். பிராமிஸைக் கொடுக்காதீர்கள், பிராமிஸை உண்டாக்கும் ஃபங்ஷனைக் கொடுங்கள்.

இன்னொன்று: ஒரே நேரத்தில் இருபது என்பதும் விநாடிக்கு இருபது என்பதும் வேறு வேறு. ஒவ்வொரு அழைப்பும் அரை விநாடியில் முடிந்தால் விநாடிக்கு நாற்பது போய்விடும். சேவையின் விதி ‘நிமிடத்துக்கு இத்தனை’ என்று இருந்தால் பி-த்ராட்டில் அல்லது பாட்டில்நெக் லைப்ரரியைப் பாருங்கள். 429 பதிலோடு ரிட்ரை-ஆஃப்டர் ஹெடர் (எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்ற குறிப்பு) வந்தால் அதில் சொன்ன நேரம் பொறுத்துத்தான் மறுபடி அனுப்ப வேண்டும்.

ப்ளூபேர்டா, பி-லிமிட்டா? புதிதாக எழுதுவதென்றால் பி-லிமிட். 2015இல் பிராமிஸ் ஜாவாஸ்கிரிப்டின் தரத்துக்குள் வருவதற்கு முன்பு ப்ளூபேர்ட் எங்களுக்கெல்லாம் பெரிய துணையாக இருந்தது, அந்த நன்றி எனக்கு இன்றும் உண்டு. இப்போது முடிந்தவரை மொழியிலேயே உள்ள பிராமிஸைப் பயன்படுத்துங்கள் என்று ப்ளூபேர்டின் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: ஃபார்ஈச் உள்ளே அவெய்ட் (முடியும்வரை பொறு என்பது) போட்டும் காத்திருக்காமல் அடுத்த வரிக்குப் போய்விடுகிறதே?

பதில்: ஃபார்ஈச் தனக்குள் இருக்கும் ஃபங்ஷன் திருப்பித் தரும் பிராமிஸைக் கண்டுகொள்வதே இல்லை. அதற்குப் பதில் ஃபார்-ஆஃப் லூப் போடுங்கள்.

கேள்வி: பிராமிஸ்.ஆல் பட்டியலில் ஒன்று தோற்றால் மற்றவை நின்றுவிடுமா?

பதில்: நிற்காது. முதல் தோல்வியிலேயே உங்களுக்குப் பிழை வந்துவிடும், மற்றவை பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். எது ஜெயித்தது, எது தோற்றது என்று முழுக் கணக்கும் வேண்டுமென்றால் 2020இல் தரத்துக்குள் வந்த ஆல்செட்டில்ட் இருக்கிறது. அதில் ஒரு எச்சரிக்கை: உள்ளே எத்தனை தோற்றாலும் அது பிழை எழுப்பாது. ஒவ்வொன்றின் ஸ்டேட்டஸையும் நீங்கள்தான் பார்க்க வேண்டும். பார்க்காமல் விட்டால் தோற்றுப்போன படங்கள் சத்தமில்லாமல் காணாமல் போகும்.

கேள்வி: 5 விநாடிக்கு மேல் ஆனால் விட்டுவிட வேண்டும் என்று பிராமிஸ்.ரேஸ் (முதலில் முடிவதை மட்டும் எடுத்துக்கொள்வது) எழுதினேன். ஆனால் சில படங்கள் இரண்டு முறை ஏறியிருக்கின்றன.

பதில்: ரேஸில் தோற்ற ஃபெட்ச் சாகவில்லை. 5 விநாடி ஆனதும் நீங்கள் மறுபடி அனுப்பினீர்கள், பழையதும் 7ஆவது விநாடியில் போய்ச் சேர்ந்தது. நிறுத்த வேண்டுமென்றால் அபார்ட்கன்ட்ரோலரின் (ஓடும் அழைப்பைப் பாதியில் நிறுத்த உதவுவது) சிக்னலை ஃபெட்ச்சுக்குக் கொடுத்து, நேரம் தாண்டியதும் அபார்ட் செய்யுங்கள். அப்படிச் செய்தாலும் படம் அதற்குள் எதிர்முனைக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம். அதனால் ஒவ்வொரு படத்துக்கும் மாறாத ஒரு அடையாள எண்ணைச் சேர்த்து அனுப்புங்கள். அதே எண் மறுபடி வந்தால் ஏற்கக் கூடாது என்று சேவைப் பக்கத்தில் இருப்பவர்களிடம் பேசி வையுங்கள்.