மூன்று தடவை விட்டேன், மூன்று தடவையும் விழுந்தேன்

கேள்வி: ஐயா, சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறேன். சம்பள நாள் வந்தால் சம்சு சாராயம், அப்புறம் வீட்டில் சண்டை. ஜெபக்கூட்டத்தில் அழுது மூன்று தடவை விட்டேன், மூன்று தடவையும் திரும்பக் குடித்தேன். கர்த்தர் என்னைக் கைவிட்டாரா?

பதில்: இல்லை தம்பி. மூன்று தடவை என்றதும் எனக்குப் பேதுருதான் ஞாபகம் வந்தார். சேவல் கூவுமுன் மூன்று தடவை ஆண்டவரைத் தெரியாது என்றவர். அவருக்கு ஆண்டவர் கடற்கரையில் கரிநெருப்பில் மீன் வைத்து, சாப்பிடக் கொடுத்த பிறகுதான், என்னை நேசிக்கிறாயா என்று அதே மூன்று தடவை கேட்டார் (யோவான் 21). திட்டவில்லை, வேலை கொடுத்தார்.

சரி, கூட்டத்தில் அழுதீர்கள், ஆனால் சம்பள நாள் சாயங்காலம் யாரோடு எந்தக் கடைக்குப் போகிறீர்கள் என்று ஒருவரிடமாவது சொன்னீர்களா? யாக்கோபு 5:16 குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்வது குணமாவதற்காகத்தான். குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு, 1935இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். குடியை விடுவதற்கு அது சொல்லும் படிகளில் 5வது படியும் ஏறக்குறைய இதுதான். நம்பிக்கையான ஒரு மூப்பரையோ போதகரையோ பிடித்து, ஒளிக்காமல் சொல்லுங்கள், அடுத்த சம்பள நாளில் அவரைக் கூடவே இருக்கச் சொல்லுங்கள்.

'சண்டை' என்று சுருக்கமாக எழுதிவிட்டீர்கள். கை நீட்டியிருந்தால் கர்த்தரிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டால் போதாது, மனைவியிடமும் கேட்க வேண்டும், அவர் உடனே நம்பாவிட்டால் கோபப்படவும் கூடாது.

குடி தினசரி ஆகிவிட்டதென்றால் திடீரென்று நிறுத்தாதீர்கள், நடுக்கம், வலிப்புகூட வரலாம். முதலில் அரசாங்க கிளினிக்கில் டாக்டரைப் பாருங்கள். அது விசுவாசக் குறைவு இல்லை.