ஒரே வீட்டில் மூன்று சபை: ராத்திரி ஜெபத்தை எப்படி நடத்துவது?

கேள்வி: நாங்கள் நாகர்கோவில் பக்கம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். மருமகள் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்). எங்களோடு தங்கியிருக்கும் அவள் தம்பி பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறான். ராத்திரி ஜெபத்துக்கு உட்கார்ந்தாலே பேச்சு தடித்துவிடுகிறது. எல்லாக் கிறிஸ்தவர்களுக்கும் பொதுவான நம்பிக்கை என்று எதை வைத்துக்கொள்வது?

பதில்: அம்மா, புதிதாக ஒன்றும் தேட வேண்டாம். ஆராதனையில் எழுந்து நின்று விசுவாசப் பிரமாணம் சொல்கிறீர்களே, அதுதான். மருமகளும் பூசையில் அதையேதான் சொல்கிறார். அங்கே அதற்கு நம்பிக்கை அறிக்கை என்று பெயர். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்களுடையதில் வானமும் பூமியும், அவருடையதில் விண்ணகமும் மண்ணகமும். உங்களுக்குப் பிதா, அவருக்குத் தந்தை. பரிசுத்த ஆவி அங்கே தூய ஆவி. நீங்கள் 'பொதுவான சபை' என்னும் இடத்தில் அவர் 'கத்தோலிக்கத் திரு அவை' என்பார். உடனே முகம் சுளிக்காதீர்கள். கத்தோலிக்க என்ற கிரேக்கச் சொல்லுக்கே பொதுவான என்றுதான் பொருள்.

படைத்த கடவுள் ஒருவர்; அவருடைய குமாரன் மனிதனாகி, சிலுவையில் மரித்து, மூன்றாம் நாள் உயிர்த்தார், மறுபடி வருவார்; ஆவியானவர்; பாவமன்னிப்பு, உயிர்த்தெழுதல். சாரம் இவ்வளவுதான். குமாரனும் படைக்கப்பட்டவரே என்று ஆரியுஸ் என்ற குரு சொன்னபோது, இல்லை, பிதாவும் குமாரனும் ஒரே தன்மை என்று 325-ல் பேராயர்கள் கூடிய நைசியா சங்கம் முடிவுசெய்தது. பிறகு 1054-ல் கிழக்குச் சபையும் மேற்குச் சபையும் பிரிந்தன, 16-ம் நூற்றாண்டில் சீர்திருத்தம் வந்து புராட்டஸ்டண்ட் சபைகள் பிரிந்தன. ஆவியானவர் பிதாவிடமிருந்து மட்டும் புறப்படுகிறாரா, குமாரனிடமிருந்துமா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. ஆனாலும் இப்படிப் பிரிந்தவர்களில் யாரும் மேலே சொன்ன சாரத்தில் கை வைக்கவில்லை.

உங்கள் சி.எஸ்.ஐ.யே இப்படி உருவானதுதான். பேராயர் வேண்டும் என்ற ஆங்கிலிக்கன்களும், அப்படி ஒரு பதவியே இல்லாமல் இருந்த காங்கிரிகேஷனல் சபையாரும் 1947 செப்டம்பர் 27-ல் சென்னை ஜார்ஜ் பேராலயத்தில் ஒரே சபையானார்கள். அவர்களால் முடிந்தது உங்கள் கூடத்தில் முடியாதா?

தம்பிதான் கொஞ்சம் கஷ்டம். பிரமாணம் மனுஷன் எழுதியது என்பார். சரி, அவரிடம் 1 கொரிந்தியர் 15:3, 4-ஐ வாசிக்கக் கொடுங்கள். கிறிஸ்து நம் பாவங்களுக்காக மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாளில் எழுந்தார். இது தனக்கு ஒப்படைக்கப்பட்டது என்று பவுலே சொல்கிறார். பிரமாணங்களுக்கெல்லாம் மூத்தது அது. இதற்கு ஆமென் சொல்லத் தம்பிக்குத் தடை இருக்காது. ஒன்றை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்: இயேசுவின் நாமத்தில் மட்டும் ஞானஸ்நானம் கொடுத்து, திரித்துவத்தை, அதாவது பிதா, குமாரன், ஆவி என்ற மூவராக ஒரே கடவுள் என்பதை, மறுக்கும் பெந்தெகொஸ்தே சபைகளும் உண்டு. யெகோவாவின் சாட்சிகளும் திரித்துவத்தை ஏற்பதில்லை. அதனால் 'எல்லாக் கிறிஸ்தவர்களும்' என்று சொல்லும்போது கொஞ்சம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கர்த்தருடைய ஜெபத்தில் 'தீமையினின்று' வந்ததும் மருமகள் ஆமென் சொல்லி நிறுத்திவிடுவார். நீங்கள் 'ராஜ்யமும் வல்லமையும்' என்று தொடர்வீர்கள். அது மறுப்பு இல்லை, அவர்கள் வழக்கம் அப்படி. பூசையில் அந்த வரி கொஞ்சம் தள்ளி வரும். மாதாவிடம் வேண்டுவது பொதுவில் சேராது. ஜெபமாலையை அவர் தனியாகச் சொல்லிக்கொள்ளட்டும், அதைப் பற்றிக் கேள்வி கேட்காதீர்கள். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா, முழுக்குத்தான் செல்லுமா என்ற சண்டையை ஜெபநேரத்தில் எடுக்கவே வேண்டாம். ஒரு ராத்திரியில் தீருகிற விஷயமா அது?

வேதபாடத்தை நாளைக்கு மருமகளையே வாசிக்கச் சொல்லுங்கள், அவருடைய திருவிவிலியத்திலிருந்தே. அதில் 73 புத்தகம், உங்களுடையதில் 66. லூக்கா இரண்டிலும் இருக்கிறது, அங்கிருந்து தொடங்கலாம்.