பாட்டி இருக்கும்போது ஹோம் எதற்கு?

கேள்வி: அக்காவும் மாமாவும் தவறிவிட்டார்கள். 9 வயது மகளும் 6 வயது மகனும் விழுப்புரம் பக்கம் என் அம்மாவிடம் வளர்கிறார்கள். அம்மாவுக்கு 66 வயது, நூறு நாள் வேலைக்குப் போகிறார். நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறேன். “தெரிந்த ஹோம் இருக்கிறது, விட்டுவிடலாம்” என்கிறார் உறவினர் ஒருவர். விடலாமா?

பதில்: நேராகக் கொண்டுபோய் விடாதீர்கள். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, குழந்தைகள் இல்லத்துக்கு (ஹோம்) வரும் குழந்தையை 24 மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். குழந்தை எங்கே இருக்கலாம் என்று முடிவு செய்வது அந்தக் குழுதான். “அதெல்லாம் வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று சொல்கிற இல்லத்தின் படியேறாதீர்கள். பதிவில்லாத இல்லம் நடத்துவதே குற்றம்.

சரி, உங்கள் சிக்கல் என்ன? பாசக் குறையா, பணக் குறையா? படித்தவரையில் பணம்தான். இல்லம் என்பது கடைசி வழி என்று சட்டமே சொல்கிறது. பெற்றோரை இழந்து உறவினரிடம் வளரும் குழந்தைக்கு ‘மிஷன் வாத்சல்யா’ என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. கிராமம் என்றால் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், மற்ற இடங்களில் 96,000.

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பியுங்கள். முகவரி தெரியாவிட்டால் 1098-ஐ அழையுங்கள். இறப்புச் சான்றிதழ்கள், ஆதார், ரேஷன் கார்டு, வருமானச் சான்று, படிப்புச் சான்று, பிள்ளைகள் பேரில் வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் நகலோடு ஒரு மஞ்சப்பையில் போட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். ஒரு சான்றிதழ் குறைந்ததற்காக மூன்று முறை பஸ் ஏறிய பாட்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், விசாரிக்க வீட்டுக்கு வருவார்கள். பிள்ளைகள் எங்கே படுக்கிறார்கள், பள்ளிக்கு ஒழுங்காகப் போகிறார்களா என்று பார்ப்பார்கள். பெரியவளிடம் தனியாகப் பேசலாம். என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள், ப்ளீஸ். பழக்கிவிட்ட பதில் உடனே தெரிந்துவிடும்.

நாளை அம்மாவுக்கு முடியாமல் போய், இல்லம்தான் வழி என்றானால் குழுவிடம் ஒன்றை மட்டும் எழுத்தில் கேளுங்கள்: அக்காவையும் தம்பியையும் பிரிக்க வேண்டாம். பெரும்பாலான இல்லங்கள் ஆண், பெண் எனத் தனித்தனி. நீங்கள் கேட்காவிட்டால் ஆளுக்கொரு ஊர் ஆகிவிடலாம்.